மாசக் கடைசிக் கடன்: எவ்வளவு, யாரிடம், எப்படித் திருப்புவது

இருபதாம் தேதி நெருங்கும்போது கையிருப்பைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, இரண்டாயிரமோ ஐயாயிரமோ எங்கே புரட்டுவது என்று யோசிப்பவர்களுக்கான வழிகாட்டி இது. தமிழ்நாட்டில் மாதச் சம்பளம் வாங்குகிறவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். வங்கி, ஆப் பற்றிய விதிகள் இந்தியா முழுவதற்கும் பொருந்தும்.

எல்லாரும் முதலில் கேட்பது "வட்டி எவ்வளவு?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அடுத்த மாதச் சம்பளம் இந்தக் கடனைத் தாங்குமா? 3,000 ரூபாய்க்கு ஒரு மாதம் அஞ்சு வட்டி கொடுத்தாலும் போவது 150 ரூபாய். அந்த 150 யாரையும் கவிழ்ப்பதில்லை. ஏழாம் தேதி வந்த சம்பளத்திலிருந்து 3,150 ஒரே அடியாக வெளியேறுகிறது, அந்த மாதம் பதினைந்தாம் தேதியே கை வறண்டுவிடுகிறது, மறுபடி கடன் தேட வேண்டியிருக்கிறது. கவிழ்ப்பது அதுதான்.

முதல் வேலை: துண்டு எவ்வளவு?

ஒரு தாளில் எழுதுங்கள். மனக்கணக்கு இங்கே உதவாது. இன்று 19-ஆம் தேதி, சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதி, நடுவில் 18 நாள் என்று வைத்துக்கொள்வோம். கையிலும் வங்கியிலும் சேர்த்து 1,800 ரூபாய் இருக்கிறது. செலவு இப்படி:

சிலிண்டர் 900
பால், நாளுக்கு 25 வீதம் 450
காய்கறி, நாளுக்கு 80 வீதம் 1,440
பஸ், 15 வேலைநாளுக்கு 40 வீதம் 600
மாத்திரை 600
மின்கட்டணம் 740

மொத்தம் 4,730. துண்டு விழுவது 2,930.

இப்போது ஒவ்வொரு வரியையும் தட்டிப் பாருங்கள். மாத்திரையை முழு மாதத்துக்கு வாங்காமல் 18 நாளுக்கு மட்டும் வாங்கினால் 360 போதும். மக்கள் மருந்தகத்திலோ, 2025-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ அதே மருந்து கிடைத்தால் இன்னும் குறையும். மின்கட்டணத்தைத் தள்ளிப்போட நினைத்தால் கெடு தேதியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டால் மறுஇணைப்புக் கட்டணம் தனி. மளிகைக் கடைக் கணக்கு என்பதே வட்டியில்லாக் கடன்தான். ஏற்கெனவே கணக்கு இருந்தால் அதைக் கெடுத்துக்கொள்ளாமல் பயன்படுத்துங்கள். சீட்டுத் தவணையை மட்டும் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், தவணை தவறினால் அந்த மாதக் கழிவைத் தராத கம்பெனிகள் பல உண்டு. வாடகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கு அவகாசம் கேட்பதானால் கெடுவுக்கு முன்னால் கேட்க வேண்டும். கெடு தாண்டிய பிறகு கேட்டால் அது சாக்காகத்தான் காதில் விழும்.

நம் கணக்கில் மாத்திரையில் 240 குறைந்து துண்டு 2,690 ஆகிறது. எதிர்பாராததற்கு 300 சேர்த்தால் 3,000 ரூபாய்க்குப் பத்து குறைவு. வாங்க வேண்டியது 3,000.

கடன் ஆப்பைத் திறந்தால் "உங்களுக்கு 25,000 வரை தகுதி" என்று பச்சை எழுத்தில் மின்னும். தகுதி அவர்கள் போட்ட கணக்கு, துண்டு நீங்கள் போட்ட கணக்கு. "எடுப்பதே எடுக்கிறோம், பத்தாயிரமாக எடுப்போம்" என்ற இடத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

இரண்டாவது: எத்தனை மாதத்தில் அடையும்?

வங்கிக் கணக்கறிக்கையை எடுத்து, கடந்த மூன்று மாதங்களில் சம்பளம் வருவதற்கு முந்தின நாள் எவ்வளவு மீதி இருந்தது என்று பாருங்கள். 600, 900, 0 என்று இருந்தால் சராசரி 500. உங்களால் மாதம் திருப்பித் தர முடிகிற தொகை அந்த 500 மட்டும்தான். 3,000-ஐ 500-ஆல் வகுத்தால் ஆறு மாதம்.

முப்பது நாளில் மொத்தமாகக் கட்டச் சொல்லும் கடன் இவருக்கு ஒத்துவராது, வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. தவணையாகப் பிடிக்கிற இடமோ, இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட விடுகிற இடமோதான் வேண்டும். தீபாவளி போனஸ் வரும், அரியர் வரும் என்றால் தேதியும் தொகையும் உறுதியான பிறகே கணக்கில் சேர்க்கலாம்.

சராசரி மீதி பூச்சியமாக இருந்தால், அல்லது மாதாமாதம் துண்டு விழுந்துகொண்டே இருந்தால், கடன் இந்த மாதப் பள்ளத்தை எடுத்து அடுத்த மாதத்தில் வைக்கும், அவ்வளவுதான். நிரந்தரச் செலவில் ஒன்றை நிறுத்தாமல் அந்த வீட்டுக்கு எந்தக் கடனும் சரிப்படாது.

மூன்றாவது: எல்லா வட்டியையும் ஒரே தராசில் வைப்பது

நம் ஊரில் வட்டி பேசும் பாஷை வேறு, வங்கி எழுதும் பாஷை வேறு. ரெண்டு வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு 2 ரூபாய், ஆண்டுக்கு 24%. அஞ்சு வட்டி 60%. பத்து வட்டி 120%. முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தந்தால், சொன்னதைவிட உண்மையான விகிதம் கூடிவிடும்.

மொத்தமாகத் திருப்புகிற கடனுக்குச் சூத்திரம் இது: கட்டும் மொத்தத் தொகையிலிருந்து கையில் வந்த தொகையைக் கழியுங்கள். வித்தியாசத்தைக் கையில் வந்த தொகையால் வகுத்து, 365-ஆல் பெருக்கி, கடன் நாட்களால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள்.

பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தின் ஆப்பில் 10,000 ரூபாய், 30 நாள், "ஆண்டு வட்டி 30%" என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 247 ரூபாய்தான். ஆனால் செயலாக்கக் கட்டணம் 3%, அதற்கு ஜிஎஸ்டி 18%, இரண்டும் சேர்ந்து 354 ரூபாய் முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். கையில் வருவது 9,646, கட்டுவது 10,247. சூத்திரத்தில் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 76%. விளம்பரத்தில் முப்பது, கணக்கில் எழுபத்தாறு. இதில் மோசடி ஏதுமில்லை. கடன் காலம் குறுகக் குறுக நிலையான கட்டணம் விகிதத்தைத் தூக்கிவிடும், அவ்வளவுதான்.

தண்டல் கணக்கு இன்னும் கண்ணைக் கட்டும். 10,000 என்று பேசி 8,500 கையில் தந்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது வழக்கம். "ஆயிரத்தைந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதால் 8,500 முழுவதும் நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை. குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120% வருகிறது. பத்து வட்டியும் இதுவும் ஒன்றுதான்.

யாரிடம் கேட்பது: மேலிருந்து கீழே

*வேலை செய்யும் இடம்.* முதலில் கதவைத் தட்ட வேண்டியது இங்கேதான், ஆனால் கூச்சத்தால் பலர் கடைசியில் வருகிறார்கள். மாதம் 22,000 சம்பளம் என்றால் 18-ஆம் தேதி முடியும்போது நீங்கள் ஏற்கெனவே உழைத்துவிட்ட தொகை 13,200. அதில் 3,000 கேட்பது உங்கள் பணத்தை முன்னால் கேட்பது.

பல அலுவலகங்களில் 20-ஆம் தேதிக்கும் 25-ஆம் தேதிக்கும் நடுவில் சம்பளப் பட்டியலை மூடிவிடுவார்கள், அதற்கு முன் கடிதம் போக வேண்டும். வாய்வார்த்தையாகக் கேட்டால் அடுத்த சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துவிடுவதுதான் வழக்கம். தவணையை நீங்களே எழுதிக் கொடுங்கள்:

"மருத்துவச் செலவுக்காக ரூ. 3,000 சம்பள முன்பணமாகத் தேவைப்படுகிறது. அடுத்த மாதச் சம்பளம் தொடங்கி மாதம் ரூ. 500 வீதம் ஆறு தவணைகளில் பிடித்துக்கொள்ள இதன்மூலம் சம்மதிக்கிறேன்."

ஆறு கேட்டு மூன்று கிடைத்தால் மாதம் 1,000 போகும். உங்கள் மீதியோ 500. இன்னொரு 500-ஐ எந்தச் செலவில் வெட்டப்போகிறீர்கள் என்று கையெழுத்துப் போடும்போதே குறித்துவிடுங்கள். பிடித்தம் தொடங்கியதும் சம்பளச் சீட்டில் தவணை எண்ணைச் சரிபாருங்கள். கடைசித் தவணை முடிந்த பிறகும் ஒரு மாதம் கூடுதலாகப் பிடித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்கிறது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் முன்பணத்தைக் கேட்க வேண்டியது ஒப்பந்ததாரரிடம். ஆலை அலுவலகத்தில் கேட்டு நாளைக் கடத்த வேண்டாம்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்குப் பண்டிகை முன்பணம் உண்டு. 10,000-ஆக இருந்ததை 20,000-ஆக உயர்த்துவதாக 2025-இல் அறிவித்தார்கள். வட்டி இல்லை, பத்துத் தவணையில் பிடிப்பார்கள். பொங்கலோ ரம்ஜானோ கிறிஸ்துமஸோ, பண்டிகை நெருங்கும் நேரமாக இருந்தால் வேறு எங்கும் அலைய வேண்டியதில்லை.

*பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு.* ஏற்கெனவே உறுப்பினராக இருந்தால் மட்டுமே உதவும். இன்று சேர்ந்து நாளை கடன் கிடைக்காது. குழுவின் உள்கடன் பெரும்பாலும் ரெண்டு வட்டிக்குள்தான் இருக்கும், தவணையும் இளக்கமானது. ஒரே சங்கடம், கூட்டம் நடக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டும்.

*கைமாற்று.* வட்டி இல்லாதது என்பதாலேயே ஆபத்தும் உள்ளது, கெடுவதானால் உறவு கெடும். தொகை, தேதி, தவணை மூன்றையும் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்: "அண்ணே, மூவாயிரம் கைமாத்தா வேணும். 8-ஆம் தேதி 500, அதுக்கடுத்த அஞ்சு மாசமும் 8-ஆம் தேதி ஐந்நூறு ஐந்நூறா ஜிபேல போட்டுடறேன். முடியலன்னா தயங்காம சொல்லுங்க." எழுத்தில் இருப்பதால் பிறகு "எப்ப தரேன்னு சொன்ன?" என்ற பேச்சு வராது. பணத்தைப் பணமாகக் கையில் தராமல் யுபிஐ வழியாகவே திருப்புங்கள், கணக்கு அதிலேயே பதிவாகிவிடும். தவணை பிசகும் என்று தெரிந்தால் 8-ஆம் தேதி இரவு வரை காத்திராமல் 6-ஆம் தேதியே சொல்லிவிட வேண்டும்.

*நகை அடகு.* மேலே சொன்ன எதுவும் கைகூடவில்லை என்றால், வீட்டில் ஒரு மோதிரமோ தோடோ இருந்தால், இதுதான் அடுத்தது. 3,000 ரூபாயை 10% வட்டியில் 60 நாள் வைத்தாலும் வட்டி 50 ரூபாயைத் தொடாது. கையில் காசு வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட விடுகிற திட்டங்களும் உண்டு.

எந்த நகையை எடுத்துப்போவது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். தேவைக்குப் போதுமான மிகச் சிறிய நகையை எடுங்கள். மூவாயிரத்துக்கு நான்கு பவுன் சங்கிலியை வைத்தால், சங்கிலி உள்ளே இருக்கும்வரை "இன்னும் கொஞ்சம் எடுத்தால் என்ன?" என்ற எண்ணமும் கூடவே இருக்கும். தங்கம் விலை ஏறினால் கிளையிலிருந்தே கூப்பிட்டு, இதே நகைக்கு இன்னும் தரலாம் என்பார்கள். கல் பதித்த தோடு, அரக்கு அடைத்த வளையல் இவற்றின் மொத்த எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கல், அரக்கு, கயிறு எல்லாவற்றையும் கழித்த நிகர எடைக்குத்தான் கணக்கு.

கடன் எவ்வளவு கிடைக்கும்? நீண்ட காலம் தங்க மதிப்பில் 75% என்பதே உச்சவரம்பாக இருந்தது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு 85% வரை தரலாம். நிறுவனங்கள் இதை 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கெடு விதித்தார்கள். இந்த 85 சதவீதத்தில் கடைசியில் மொத்தமாகக் கட்டும் திட்டமானால் வட்டியும் அடக்கம். மதிப்பீடு நகையின் காரட் தரத்துக்கு உரிய விலைக்கு: முந்தைய நாள் விலை, கடந்த 30 நாள் சராசரி, இரண்டில் எது குறைவோ அது. ஆகவே இன்று காலை நகைக்கடைப் பலகையில் பார்த்த விலையைச் சொல்லி வாதாடிப் பயனில்லை.

கவுன்டரில் செய்ய வேண்டியவை: உரைத்துப் பார்ப்பதும் எடை போடுவதும் உங்கள் கண்முன்னே நடக்கட்டும். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே தெரிந்த கடையில் எடை போட்டு எழுதிக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும். மதிப்பீட்டாளர் கட்டணம், ஆவணக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். மூவாயிரம் கடனில் 150 ரூபாய் கட்டணம் என்றால் அதுவே 5%. அடுத்து, வட்டி அடுக்கைக் கேளுங்கள். "மாதம் 80 பைசா" என்று சொல்லும் சில திட்டங்களில் 30 நாளுக்குள் வட்டி கட்டினால்தான் அந்த விகிதம். தாண்டினால் முதல் நாளிலிருந்தே அடுத்த அடுக்கு வட்டி போட்டுவிடுவார்கள். இதைத் தெரியாமல் 35-ஆவது நாள் போய் நிற்பவர்கள் நிறைய.

ரசீதில் நிகர எடை, தரம், கழிவு, வட்டி, கெடு நாள் ஐந்தும் இருக்க வேண்டும். தெருமுனை அடகுக் கடையானால் உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்ட அடகுச் சீட்டு தராமல் துண்டுக் காகிதத்தில் எழுதித் தருகிற இடத்தில் நகையை வைக்காதீர்கள். ஊரில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருந்தால் அங்கும் நகைக்கடன் உண்டு. நேரம் கொஞ்சம் பிடிக்கும்.

*வைப்புத்தொகை, ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு), எல்ஐசி.* வங்கி வைப்புத்தொகை இருந்தால் அதை உடைக்காமல் அதன் மேலேயே கடன் எடுக்கலாம், வட்டி பெரும்பாலும் வைப்பு வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதல். அஞ்சலக ஆர்டியில் 12 தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதிவரை கிடைக்கும், ஆர்டி வட்டியைவிட 2% கூடுதல். எல்ஐசி பாலிசிக் கடனும் மலிவுதான், ஆனால் பாலிசி சரண்டர் மதிப்பு (இடையில் முடித்துக்கொண்டால் திரும்பக் கிடைக்கும் தொகை) பெற்றிருக்க வேண்டும்.

*கிரெடிட் கார்டு.* கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். பல வங்கிகளில் கட்டணம் 2.5% அல்லது 500 ரூபாய், எது அதிகமோ அது. மூவாயிரம் எடுத்தாலும் 500, ஜிஎஸ்டி 90. எடுத்த நொடியிலிருந்து வட்டி. மாதம் 3.5% என்றால் 25 நாளுக்கு ஜிஎஸ்டியோடு சுமார் 100. ஆக மூவாயிரத்துக்கு 690 ரூபாய் அழ வேண்டும். அதே கார்டை மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் தேய்த்தால், போன மாத பில்லை முழுதாகக் கட்டியிருக்கும்பட்சத்தில், கெடு நாள்வரை வட்டியே இல்லை. போன மாதம் "மினிமம் டியூ" என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது, புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

ஆப்பில் வாங்கியே ஆக வேண்டும் என்றால்

2020-இல் ஊரடங்கு நேரத்தில் ஏழு நாள் கடன் ஆப்கள் புற்றீசலாகக் கிளம்பின. 5,000 கேட்டால் 3,500 வரும், ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் 2,200 சதவீதத்துக்கும் மேல். கட்டத் தவறினால் செல்பேசியிலிருந்து உருவிய தொடர்பு எண்களுக்கெல்லாம் அவதூறு போகும். 2021 ஜனவரியில் இதன் தொடர்பாகச் சென்னை போலீசார் சீனர்கள் உட்படச் சிலரைக் கைது செய்தனர். அதன் பின்னால்தான் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள் வந்தன. 2025 மே மாதம் அவற்றைத் தொகுத்துப் புதுப்பித்தார்கள்.

இறக்கும் முன் பார்க்க வேண்டியது கடன் தருவது யார் என்பதை. ஆப் வெறும் தரகர். பின்னால் வங்கியோ, பதிவு பெற்ற வங்கிசாரா நிதி நிறுவனமோ இருந்தாக வேண்டும். 2025 ஜூலை முதல் அத்தகைய ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியல் நிறுவனங்களே தந்த விவரம்தான், ரிசர்வ் வங்கி தந்த நற்சான்று கிடையாது. ஆனால் பட்டியலில் இல்லாததைத் தொடாமலிருக்க அது போதும். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பிலிருந்து ஆப்பை இறக்குவது அறவே கூடாது.

நிறுவும்போது தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவு, படக் கோப்புகள் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விதிப்படி அவற்றை எடுக்கக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் இவற்றை மட்டும், கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்புக்காக ஒரு முறை, உங்கள் சம்மதத்தோடு கேட்கலாம்.

கையெழுத்துக்கு முன் "முக்கிய விவர அறிக்கை" என்ற தாள் வர வேண்டும். அதில் மூன்று வரியை மட்டுமாவது படியுங்கள்: எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம், கணக்கில் உண்மையில் வரும் தொகை, தாமதக் கட்டணம். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தைப் பிறகு வசூலிக்க முடியாது. மனம் மாறினால் குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அசலையும் அதுவரையான வட்டியையும் மட்டும் கட்டி விலகலாம், முன்கூட்டியே சொல்லியிருந்தால் செயலாக்கக் கட்டணத்தை வைத்துக்கொள்வார்கள்.

பணம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், திரும்புவதும் அப்படியே. "ஏஜென்ட்" ஒருவரின் யுபிஐ எண்ணுக்குக் கட்டச் சொன்னால் ஏதோ தப்பு. "முதலில் 999 கட்டுங்கள், பிறகு கடன் வரும்" என்பது கடனே அல்ல, சுத்தமான திருட்டு. கேட்காமலே கணக்கில் பணம் விழுந்து, திருப்பக் கேட்டு மிரட்டல் வந்தால், அவர்கள் அனுப்பும் இணைப்பில் கட்டாமல் முதலில் உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள்.

தானியங்கிப் பிடித்தத்தின் தேதி சின்ன விஷயமாகத் தோன்றும். சம்பளம் 7-ஆம் தேதி என்றால் பிடித்தத்தை 9 அல்லது 10-இல் வையுங்கள். 7 ஞாயிற்றுக்கிழமையாக வந்து சம்பளம் ஒரு நாள் பிந்தினால், பிடித்தம் திரும்பிப் போய், வங்கியும் கடன் நிறுவனமும் தனித்தனியாக அபராதம் போடும். மூவாயிரம் கடனில் இரண்டு அபராதமும் சேர்ந்தால் வட்டியைப் போலப் பல மடங்கு.

தொடவே கூடாதவை

மீட்டர் வட்டி, கந்து வட்டி. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவை குற்றம், மூன்றாண்டு வரை சிறை உண்டு. பத்து வட்டிக்கு 5,000 வாங்கி மாதம் 500 கட்டினால், பத்து மாதத்தில் 5,000 போயிருக்கும், அசல் 5,000 அப்படியே நிற்கும். வட்டியைவிடக் கொடுமை அவர்கள் கேட்கும் ஈடு: தொகை எழுதாத காசோலை, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து, ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும். கார்டைக் கொடுத்தால் சம்பளம் விழுந்த நிமிடமே அவர்கள் எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், அடுத்த கடனும் அன்றே தொடங்கும். வெற்றுக் காசோலையில் ஒரு லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டால், காசோலை மோசடி வழக்கில் உங்கள் பக்கத்தை நிரூபிக்கும் பாடு உங்களுடையது.

கட்ட முடியாது என்று தெரிந்தால்

கெடுவுக்கு மூன்று நான்கு நாள் முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், எவ்வளவை என்று கட்டுவீர்கள் என்ற விவரத்தோடு. கடனைக் கட்ட இன்னொரு ஆப்பில் கடன் எடுப்பதுதான் இந்த இடத்தில் நடக்கும் பெரிய தவறு. இரண்டாவது கடனிலும் செயலாக்கக் கட்டணம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், ஆகவே முதல் கடன் முழுதாக அடையாது, மூன்றாவது தேவைப்படும்.

தானியங்கிப் பிடித்தத்தை மட்டும் ரத்து செய்துவிட்டு இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கடன் அப்படியே நிற்கும். பணமில்லாமல் மின்னணுப் பிடித்தம் திரும்புவதையும், காசோலை திரும்புவதைப் போலவே 2007-ஆம் ஆண்டுப் பணப்பட்டுவாடா முறைகள் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாம், ஆனால் அந்த அபராதத்தின் மேல் வட்டி ஏற்றக்கூடாது என்பது 2024 முதல் நடப்பில் உள்ள விதி.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக்கூடாது. மிரட்டுவது, அலுவலகத்தில் அவமானப்படுத்துவது, உறவினரையும் நண்பர்களையும் தொல்லை செய்வது எல்லாமே விதிமீறல். அழைப்பைப் பதிவு செய்து, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448.

போலி ஆப் உங்கள் படத்தை ஒட்டுவேலை செய்து மிரட்டினால் ஒரு பைசாவும் கட்டாதீர்கள். கட்டியவருக்கு மிரட்டல் நிற்பதில்லை, தொகைதான் ஏறும். திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். கூடவே, உங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்கு "என் செல்பேசித் தகவல் திருடப்பட்டிருக்கிறது, ஏதாவது வந்தால் நம்ப வேண்டாம்" என்று நீங்களே முந்திக்கொண்டு ஒரு செய்தி அனுப்பிவிட்டால் அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதமும் மழுங்கிவிடும். கந்து வட்டிக்காரர் மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கே அசைவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

அடைத்த பிறகு செய்ய வேண்டியவை

நகையைத் திருப்பும்போது பை பிரித்து எடை போட்டுப் பாருங்கள், பழைய ரசீதோடு ஒத்துப்போக வேண்டும். முழுத் தொகையும் கட்டிய அன்றே, அதிகபட்சம் ஏழு வேலைநாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். தவறு அவர்கள் பக்கமாக இருந்து தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று புதிய விதி சொல்கிறது. கைமாற்றுப் புரோநோட்டு எழுதியிருந்தால் அதை வாங்கிக் கிழித்துவிடுங்கள்.

ஆப் கடனில் கடைசித் தவணை போனதும் "நிலுவை இல்லை" என்ற கடிதத்தைப் பதிவிறக்கி வையுங்கள். யுபிஐ ஆப்பில் தானியங்கிப் பிடித்தம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். பிறகு ஆப்பில் கணக்கை மூடி, தரவை நீக்கச் சொல்லி மனு கொடுத்துவிட்டே ஆப்பை அழிக்க வேண்டும். வெறுமனே அழித்தால் தரவு அவர்களிடமே கிடக்கும்.

ஒரு மாதம் கழித்து சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து அறிக்கை எடுங்கள், ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறை விவரம் அனுப்ப வேண்டும் என்பதால் அதற்குள் "முடிந்தது" என்று வந்திருக்க வேண்டும். மூவாயிரம் ரூபாய்க் கடன் "நிலுவை" என்றே தொங்கிக்கொண்டிருந்து, நான்கு வருடம் கழித்து வீட்டுக்கடன் கேட்கும்போது முளைப்பது உண்டு. பிழை இருந்தால் அந்தத் தகவல் நிறுவனத்திலேயே இணையவழியில் திருத்தம் கேளுங்கள். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மனு எண்ணையும் தேதியையும் குறித்து வைத்திருந்தால் அதையும் கேட்டு வாங்கலாம்.